சீவரத்தினத்தின் கடைசி வங்கிச் சோதினை

இணுவிலில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் சீவரத்தினத்தை அறியாதவர்கள் இல்லை. நிறுவையில் கை நடுங்காது, கணக்கில் பிசகு வராது, வாயில் ஒரு கெட்ட சொல் வராது. ஆனால் எந்த அரிசி நல்லது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று உங்களையே திருப்பிக் கேட்பார். நீங்கள் ஒன்றைச் சொன்னால், பின்னால் நிற்கிறவரைப் பார்த்து, இவர் இப்படிச் சொல்கிறார், உங்களுடைய அபிப்பிராயம் என்ன என்பார். வரிசை வாசலைத் தாண்டி றோட்டுக்கு வந்துவிடும். இந்த மனிதர் ஒரு காலத்தில் வங்கியில் எழுதுவினைஞராக, அதாவது கிளாக்கராக, ஏறப் பார்த்தவர். அதுவும் சும்மா இல்லை, பெரிய திட்டமெல்லாம் போட்டு ஏறப் பார்த்தவர். கேட்டால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது.

எழுபதாம் ஆண்டுக்குச் சற்று முந்திய காலம் அது. அவருக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பொடியன்தானே, இனி அவன் என்றே சொல்லுவோம். சிங்களம் தெரியாவிட்டால் அரசாங்க உத்தியோகம் இல்லை என்று ஆன பிறகு, எங்கள் பக்கத்து வீடுகளில் வங்கி என்ற சொல்லுக்குத் தனி மவுசு வந்திருந்தது. வங்கியில் ஏறிய பிறகு சிங்களம் படித்துக்கொள்ளலாம், முதலில் ஏறவேண்டும் என்றார்கள். கொழும்பில் தலைமையகம் வைத்திருந்த ஒரு வங்கி இடைக்கிடை எழுதுவினைஞர்களை எடுக்கும். அதற்கு ஒரு போட்டிப் பரீட்சை. வயதெல்லை இருபத்தைந்து. சீவரத்தினம் ஏற்கெனவே எழுதித் தவறியவன். இந்த முறையும் தவறினால் வயது போய்விடும், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது.

வயது போனால் வங்கி மட்டும் போகாது, மீனாம்பிகையும் போய்விடுவாள். மீனாம்பிகை பண்டத்தரிப்பில் இருந்த இளையதம்பி அம்மானின் மகள், அதாவது தாயின் தமையன் மகள். முறைப்பெண்தான். ஆனால் புகையிலைத் தோட்டத்தில் முதுகு முறிந்த இளையதம்பியர், தன் மகள் இன்னொரு தோட்டக்காரன் வீட்டில் தண்ணீர் இறைக்கக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தார். மருமகன் வங்கியில் ஏறினால் பெண் அவனுக்கு, ஏறாவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று தங்கைக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சீவரத்தினத்துக்கு மீனாம்பிகையை அப்படிப் பிடிக்கும். கோயில் திருவிழாவுக்கு இணுவிலுக்கு வரும்போதெல்லாம், “அத்தான், இந்த முறை எந்தத் தேசத்துத் தலைநகர் பாடம்?” என்று கேட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இராது. அவனைப் பார்த்து அப்படிச் சிரிக்க ஊரில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

தலைநகர் கதை உண்மைதான். பொது அறிவில்தான் ஆட்களை வெட்டுகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் முறை உலகத்துத் தலைநகரங்களை எல்லாம் மனப்பாடம் செய்தான். பரீட்சையில் வட்டிக் கணக்கு வந்து ஆளைச் சாய்த்துவிட்டது. அடுத்த முறை வட்டி, கூட்டுவட்டி, கழிவு என்று கணக்கிலேயே விழுந்து கிடந்தான். அந்த முறை பொது அறிவு சாய்த்தது. இதற்கிடையில், வங்கி வாசலில் காவல் நின்று ஓய்வு பெற்ற ஒருவர், அங்கே உள்ளவர்கள் எல்லோருக்கும் கையெழுத்து முத்துப்போல் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிப்போட்டார். அதோடு மாதக்கணக்காக நாலு கோட்டுக் கொப்பியில் எழுத்துப் பழகினான். காலையில் எழும்பினால் கணக்கா கையெழுத்தா தலைநகரா என்று தெரியாமல் புத்தகங்களைச் சுற்றிவைத்துக்கொண்டு நடுவில் முழிப்பான். தாய் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

இந்தக் கடைசி முறை வந்த குழப்பம் எல்லாவற்றையும் விடப் பெரியது. பரீட்சையைச் சிங்களத்தில் எழுதலாம், தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதலாம், எந்த மொழி என்று விண்ணப்பத்திலேயே சொல்லவேண்டும் என்று விளம்பரம் வந்தது. சீவரத்தினம் சின்ன வகுப்பிலிருந்து தமிழில் படித்தவன். ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், எழுதினால் நொண்டும். ஆகவே தமிழ்தான் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததை அப்படியே செய்கிற பழக்கம்தான் அவனிடம் இல்லை.

மானிப்பாயில் ஒரு ஒழுங்கைக்குள் கிடுகுக் கொட்டில் போட்டு ரியூட்டறி நடத்திய அடைக்கலநாதன் மாஸ்ரரிடம் அவன் படித்துக்கொண்டிருந்தான். நல்ல மனிதர், பிள்ளைகள்மேல் உயிர். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவனை மட்டும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதைக் கடித்தார்.

“உனக்கு மட்டும் சொல்லுறன், ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. இங்கிலிசிலை போடு. ஒவ்வொரு பாசையிலையும் இவ்வளவு பேர் எண்டு பிறிம்பா, தனித்தனியாத்தான் எடுப்பாங்கள். எங்கடை பொடியள் எல்லாம் தமிழிலை விழுவாங்கள். இங்கிலிசிலை எழுத ஆள் இராது.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சீவரத்தினத்தின் தலை சுற்றியது. ஆங்கிலத்தில் நான் எப்படி எழுதுவேன் என்று ஒரு மனம் கேட்டது. எழுத ஆளே இல்லாத இடத்தில் நீ நொண்டினாலும் முதல்தானே என்று மற்ற மனம் சொன்னது. யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்றால், மாஸ்ரர் வாயைக் கட்டிவிட்டார். மூன்று வீடு தள்ளி இருந்த நடராசாவும் இதே பரீட்சைக்கு எழுதுவான் என்று ஒரு சந்தேகம் இருந்தது. சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே மாஸ்ரரிடம் படிக்கிறவர்கள். ஆனாலும் அவன் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை. எழுதப் போகிறோம் என்று வெளியே சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்ற பயம் இரண்டு வீட்டுக்கும் இருந்தது. கடைசியில் சீவரத்தினம் ஆங்கிலத்தில் போட்டான். போட்ட மறுநாளே தமிழில் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

பரீட்சைக்கு முதல் நாள் காலை யாழ்தேவியில் போவதென்று ஏற்பாடு. தாய் முழுவியளம் பார்த்துத்தான் மகனை வெளியே விட்டாள். வீட்டை விட்டு இறங்கும்போது எதிரே வருகிற ஆளையும் குடத்தையும் பொறுத்துத்தான் காரியம் என்பது எங்கள் ஆட்களின் அசையாத நம்பிக்கை. பக்கத்து வீட்டு மனுசி நிறைகுடத்தோடு தற்செயலாக வருவதுபோல வந்தாள். ஒரு குடும்பமே வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்ற தற்செயல் அது. புறப்படுகிறவனை எங்கே என்று கேட்பதும் எங்கள் பக்கத்தில் பெருங்குற்றம், கேட்டால் போன காரியம் கெட்டுவிடும். ஆகவே வழியில் கண்ட ஒருவரும் கேட்கவில்லை, அவனும் குனிந்த தலை நிமிராமல் கோண்டாவில் ஸ்ரேசனுக்குப் போய்ச் சேர்ந்தான்.

ரயிலில் ஏறிப் பார்த்தால் பெட்டி நிறையப் பொடியன்கள். எல்லோருக்கும் எண்ணெய் வைத்துச் சீவிய தலை, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் புதுப் பேனை. ஒருவரும் ஒருவரையும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கேளாமலே சிலர் சொன்னார்கள். ஒருவன் அக்காவின் கலியாணத்துக்குக் கூறை எடுக்கப் போகிறானாம். இன்னொருவனுக்குப் பல்லிலே குத்தாம், கொழும்பில்தான் நல்ல பல் டொக்டர் இருக்கிறாராம். நடராசாவும் ஒரு மூலையில் இருந்தான். பெரியப்பாவின் சுருட்டுக்கடையில் ஒரு அலுவல் என்று யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான். தான் கண் பரிசோதிக்கப் போவதாகச் சீவரத்தினம் மற்ற யன்னலைப் பார்த்தபடி சொன்னான். ஆனையிறவு உப்புவெளியைத் தாண்டி, வவுனியாக் காட்டைத் தாண்டி, அத்தனை பேரும் கொழும்பு வரைக்கும் பொய்யைக் கட்டிக் காத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெட்டியில் ஒருவன் வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் எவ்வளவு பேர் தப்பியிருப்பார்கள். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த நாள் பரீட்சை மண்டபத்தில் குட்டு உடைந்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒதுக்கிய மண்டபத்தில் இருக்க இடமில்லை. கூறை எடுக்க வந்தவன், பல்லிலே குத்து என்றவன் எல்லோரும் அங்கேதான். பக்கத்து அறையிலிருந்து கதிரைகளைத் தூக்கிவந்து போட்டார்கள். மாஸ்ரர் கிணற்றடிக்குக் கூட்டிப்போனது தன்னை மட்டும் இல்லை என்பது சீவரத்தினத்துக்கு அப்போதுதான் விளங்கியது. முன்வரிசையில் நடராசாவின் பிடரி தெரிந்தது. வராந்தாவுக்கு அப்பால், தமிழில் எழுதுகிறவர்களின் அறை பாதி வெறுமையாகக் கிடந்தது.

மேற்பார்வைக்கு வந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்தார். பிறகு, தமிழ் வினாத்தாள் வேண்டியமட்டும் மிச்சம் இருக்கிறது, மாற விரும்புகிறவர்கள் மணி அடிக்க முன்னர் எழுந்து அந்த அறைக்குப் போகலாம், ஒரு குறையும் வராது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். ஒவ்வொருவனும் மற்றவனுடைய முகத்தைப் பார்த்தான். எழும்பினால் ஆங்கிலம் தெரியாதவன் என்று ஆகிவிடுமோ என்ற வெட்கம் ஒரு பக்கம், எழும்புகிறவனைப் பார்த்து மற்றவர்களும் எழும்பிவிட்டால் அங்கேயும் நிரம்பிவிடுமே என்ற கணக்கு ஒரு பக்கம்.

நடராசா எழுந்தான். பேனையை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு, வாங்கு மேசைகளுக்கு நடுவே நடந்து வந்து, சீவரத்தினத்தின் தோளில் கையை வைத்தான்.

“எழும்பு, வா போவம்.”

அவ்வளவுதான் சொன்னான். சீவரத்தினம் அரைவாசி எழுந்தான். அதற்குள் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. இவன் போனால் இங்கே ஒரு ஆள் குறைவு. நானும் போனால் அங்கே ஒரு ஆள் கூட. அங்கே ஆள் கூடினால் இவனுக்குத்தானே நட்டம்? தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் ஒருவன் கூப்பிடுவானா? கூப்பிட்டால் அதற்குள் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது? இல்லை, இவன் உண்மையாகத்தான் கூப்பிடுகிறான். அப்படியானால் ரயிலில் ஏன் சுருட்டுக்கடை என்று சொன்னான்? நானும்தானே கண் டொக்டர் என்று சொன்னேன். இப்படி அவன் எழும்பாமலும் இராமலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் மணி அடித்தது. நடராசா போய்விட்டான். சீவரத்தினம் திரும்பக் கதிரையில் இருந்துகொண்டான்.

அன்றைக்கு அவன் எழுதியதைப் பரீட்சை என்று சொல்ல நா கூசும். தமிழில் என்றால் ஒரே மூச்சில் போட்டுத்தள்ளக்கூடிய கணக்குகளின் கேள்வியே அவனுக்குப் பாதிதான் விளங்கியது. கட்டுரைக்கு, மாஸ்ரர் வகுப்பு முழுவதற்கும் மனப்பாடம் செய்வித்திருந்த ஒரு தபால் பெட்டியின் சுயசரிதையை எழுதினான். கேட்டிருந்தது சேமிப்பின் பயன்களைப் பற்றி. தபால் பெட்டி கடைசியில் காசு சேமித்ததாக ஒரு வசனம் சேர்த்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

பெறுபேறு வந்தது. நடராசாவுக்கு வங்கியில் இடம் கிடைத்துவிட்டது. ஆங்கில மண்டபத்தில் இருந்த எங்கள் பொடியன்களில் ஒருவன்கூட எடுபட்டதாகக் கேள்வியில்லை. தாய் சமையலறைக்குள் போய் இருந்து அழுதாள். சீவரத்தினத்துக்கு அழுகை வரவில்லை. எந்த இடத்தில் பிழை வந்தது, மொழியிலா, மாஸ்ரரிலா, நடராசா கூப்பிடப் போகாததிலா என்று அதையே ஆராய்ந்துகொண்டிருந்தான். அதிலும் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை.

இளையதம்பி அம்மான் சொன்ன சொல் தவறாத மனிதர். கொஞ்ச நாளிலேயே நடராசா வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அன்று பின்னேரம் சீவரத்தினம் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது, நடராசா வரம்பால் நடந்து வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியபடி, கொஞ்ச நேரம் பாத்திக்குள் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உன்ரை அம்மான் மீனாம்பிகையை எனக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. உனக்கு அந்தப் பிள்ளையிலை விருப்பம் எண்டா இப்ப சொல்லு. நான் மாட்டன் எண்டிடுவன்.”

இதைவிட நேராக ஒருவன் கேட்க முடியாது. சீவரத்தினத்தின் நெஞ்சு முழுவதும் ஓம், விருப்பம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த ஓம் வாய்க்கு வருவதற்குள் நூறு கேள்வி குறுக்கே வந்தது. ஓம் என்றால் இவன் விலகிவிடுவான், சரி. விலகினால் அம்மான் எனக்குத் தருவாரா? தரமாட்டார். அப்போது மீனாவுக்கு வந்த நல்ல இடத்தையும் நான் கெடுத்தவனாவேன். மாட்டேன் என்று விடுகிறவன் ஏன் வந்து கேட்கவேண்டும்? ஒருவேளை எனக்கு விருப்பம் இல்லை என்று என் வாயால் கேட்கத்தான் வந்தானா? தண்ணீர் பாத்தியை நிரப்பி வழிந்து வரம்பை உடைத்துக்கொண்டு போனது.

“எனக்கென்ன, அது பெரியாக்களின்ரை அலுவல்” என்றான்.

“வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியோ?”

“ஓம்.”

நடராசா தலையை ஆட்டினான். அப்படியென்றால் நாளைக் காலையில் தானே பண்டத்தரிப்புக்குப் போய் அவர்களோடு கதைத்து ஒரு முடிவு சொல்லப்போவதாகச் சொன்னான். சொல்லிவிட்டும் உடனே போகவில்லை. சீவரத்தினம் மண்வெட்டியால் உடைந்த வரம்பைக் கட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. பிறகுதான் நடராசா போனான்.

விடியும்போது சீவரத்தினத்துக்கு எல்லாம் வெளித்திருந்தது. அம்மான் தந்தால் என்ன தராவிட்டால் என்ன, மீனாவிடம் நேரே போய்ச் சொல்லவேண்டும். இருபத்துநான்கு வருசத்தில் யாரையும் கேளாமல் அவன் எடுத்த முதல் முடிவு அது. வாயைக் கொப்புளித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான். மானிப்பாய் வரை காற்றாகத்தான் பறந்தான். மாஸ்ரரின் ஒழுங்கை முகப்பைக் கண்டதும் கால் தானாகப் பெடலை விட்டது. ஒரு நிமிசம்தானே, மாஸ்ரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனதுக்குத் தைரியம் என்று சைக்கிளைத் திருப்பினான். அதை நினைத்தால் எனக்குச் சங்கக்கடை மனேச்சரின் செகிட்டைப் பொத்தி ஒரு அறை கொடுக்க வேண்டும்போல வரும்.

அடைக்கலநாதன் மாஸ்ரர் முகத்தில் சவர்க்கார நுரையோடு முற்றத்தில் இருந்தார். விசயத்தைக் கேட்டதும் பாதிச் சவரத்தோடு எழுந்துவிட்டார். பெண்ணின் சம்மதம் என்ன, தகப்பனின் பிடிவாதம் எப்படிப்பட்டது, உத்தியோகம் இல்லாமல் கலியாணம் பேசுவது புத்தியா என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். போகலாம் என்பதற்கு உள்ள நியாயத்தையும் சொன்னார், போகக் கூடாது என்பதற்கு உள்ள நியாயத்தையும் சொன்னார். இரண்டும் சரியாகவே இருந்தன. தேத்தண்ணி வந்தது. குடித்து முடிய, எதற்கும் போய்த்தான் பாரேன் என்று மாஸ்ரர் சொன்னார். அந்த வெயிலுக்குள் சண்டிலிப்பாய் தாண்டிப் பண்டத்தரிப்புக்கு மிதித்தான்.

அம்மான் தோட்டத்துக்குப் போயிருந்தார். மாமி அடுப்படியில் இருந்தபடி குரல் கொடுத்தாள். மீனாம்பிகை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, ஹாண்டிலைப் பிடித்தபடியே சொல்லிமுடித்தான். எனக்கு உத்தியோகம் இல்லை, இனிக் கிடைக்கவும் கிடைக்காது, ஆனால் உன்னைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை, நீ ஓம் என்றால் அம்மானின் காலில் விழுந்தென்றாலும் கேட்பேன் என்றான். ஒரு இடத்திலும் திக்கவில்லை, அவனுக்கே அதிசயமாக இருந்தது.

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நடராசா காலையிலேயே வந்துவிட்டுப் போனதைச் சொன்னாள். சீவரத்தினத்தைக் கேட்டேன், தனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னான் என்று தகப்பனுக்கு முன்னால் அவன் சொன்னதையும், தகப்பன் தன்னைக் கூப்பிட்டுக் கேட்டதையும், தான் ஓம் என்று சொன்னதையும் சொன்னாள். குரலில் கோபம் இருக்கவில்லை.

“விடியவே வெளிக்கிட்டனான் மீனா” என்றான். “வழியிலை அடைக்கலநாதன் மாஸ்ரரை ஒருக்காக் கேட்டிட்டு வருவம் எண்டு நிண்டிட்டன்.”

“என்னைப் பற்றியோ?”

“ஓம்.”

அவள் பிழிவதற்குக் கையில் எடுத்திருந்த சேலையைக் கல்லில் வைத்தாள்.

“நான் உங்களைப் பற்றி ஒருத்தரையும் கேக்கேல்லை, அத்தான். சோதினை பாஸ் பண்ணினாலும் பண்ணாட்டிலும் நீங்கள்தான் எண்டு இருந்தனான். இண்டைக்குக் காலமைதான் அந்த நினைப்பை விட்டனான்.”

மாமி உள்ளே இருந்து, சீவரத்தினம் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று கூப்பிட்டுச் சொன்னாள். அவனுக்கு ஓம் என்பதா வேண்டாம் என்பதா என்று தெரியவில்லை. மீனாம்பிகை சேலையை எடுத்துக்கொண்டு கொடியடிக்குப் போனாள்.